நர்ஸம்மா சொன்ன பொய்

உமாதேவியின் காரை இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி இன்று விசாரிக்க ஆள் அனுப்பியிருந்தது. அல்லிநகரம் ஒர்க்‌ஷாப்பில், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த காரின் அருகே அவள் கணவன் சுரேஷ்கண்ணனோடு நின்றிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் வீரபாண்டி பக்கம் ஓர் ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடந்தது. உமாதேவி காரை நிறுத்தினாள். பின்னால் வந்த போடி ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம் நிறுத்தவில்லை. யார் தப்பு என்று கேட்டால் அந்த ஆடுகளே சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வினை. இறங்கி வந்த பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நெஞ்சைப் பிடித்திருந்தது. உமாதேவி சின்னமனூர் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸ். பயந்த ஆளைக் கண்டால் அவள் வாய் தானாகப் பேசும். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தப்பு என்மேலதான், நான்தான் திடீர்னு நின்னுட்டேன். இங்கன உக்காருங்க" என்று நாடி பிடித்துப் பார்த்தாள். ஊசி போடும்போது வலிக்காது என்பாளே, அந்த மாதிரிப் பொய். அதை ஒரு புண்ணியவான் செல்போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். உதவிக்கு வராத கைக்கு வீடியோ எடுக்க மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ.

அவளுடைய இன்சூரன்ஸ் அடுத்தவர் வண்டிக்கு மட்டும்தான் கொடுக்கும். அவள் வண்டிக்குக் கிடையாது. இடித்தவரின் கம்பெனி கொடுத்தால்தான் கார் மறுபடி ரோட்டுக்கு வரும். இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட சுரேஷ்கண்ணன் கூடலூரில் ஆள் பார்த்துவிட்டான். கார் போனால் போகட்டும், "நீ ஓட்டின லட்சணம்" என்ற பேச்சு ஆயுசுக்கும் போகாதே என்பதுதான் அவள் கவலை.

விசாரிக்க வந்தவர் வீடியோவைக் காட்டினார். "இது நீங்கதானம்மா?"

"நான்தான் சார். அவுகளுக்கு அட்டாக் வந்துருமோன்னு பயந்து அப்படிச் சொன்னேன்."

"அப்ப பொய் சொன்னேன்னு எழுதிக்கவா? அன்னைக்குச் சொன்னது பொய்னா இன்னைக்குச் சொல்றதை எப்படி நம்புறது?"

"நான் அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றான் சுரேஷ்கண்ணன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த சுயம்புலிங்கம் இறங்கினார். கூட வந்த மகன் வைகுண்டராஜ் முந்திக்கொண்டான். "அந்தக்காவே ஒத்துக்கிட்டாகல்ல சார். அப்பா சரியாத்தான் ஓட்டுனாக. முப்பது வருசமா ஓட்டுறாக."

"சரியா ஓட்டலடா" என்றார் பெரியவர். "இந்தத் தாயி நின்னுதான் இருந்துச்சு. எனக்கு ஆடும் தெரியல, காரும் தெரியல. ஆறு மாசமா கண்ணுல பொரை. சொன்னா வண்டியத் தொட விடமாட்டீகன்னு மறைச்சுட்டேன்."

விசாரிக்க வந்தவர் எல்லாவற்றையும் எழுதி, பெரியவரிடம் கையெழுத்து வாங்கினார். சுரேஷ்கண்ணன் கூடலூர்க்காரருக்குப் போன் போட்டு, கார் விற்பதற்கில்லை என்றான். உமாதேவிக்கு உயிர் வந்தது.

ஆனால் வைகுண்டராஜ் அப்பாவிடம் கை நீட்டினான். அவர் சாவியை அதில் வைத்துவிட்டு, பேனட்டைத் தடவிக்கொண்டே இடது பக்கத்துக்கு நடந்தார். நாடியைப் பிடித்தும் கண்ணைப் பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"சின்ன ஆபரேஷன்தான் அண்ணாச்சி. ஒரு மாசத்துல நீங்களே ஓட்டலாம்."

சத்தியமான வார்த்தை. எத்தனையோ பேருக்குச் சரியானதை அவளே பார்த்திருக்கிறாள்.

பெரியவர் சிரித்துக்கொண்டே அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "சரி தாயி, சரி. நீ நல்ல புள்ள. மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."