விளக்கேற்றாத வெள்ளிக்கிழமை

படப்பையில் நாங்கள் குடியிருந்த அறையில் ஆறு பேர். எல்லோரும் தென்காசிப் பக்கத்துப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனியில், கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை. காலை ஷிப்ட் பஸ் வருவதற்குள் ஆறு பேரும் குளித்தாக வேண்டும். வீட்டுக்காரம்மா தாயாரம்மாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மாடியிலிருந்து குரல் கொடுப்பார்.

“இன்னா பொண்ணுங்களா, உள்ள பூந்தா கல்யாணப் பொண்ணாட்டம் நேரம் பண்றீங்க! தண்ணி தீந்துடப் போவுது.”

“கல்யாணத்துக்குன்னா ஒரு வாரம் குளிப்பம்லா ஆன்ட்டி!” என்று உள்ளேயிருந்து பதில் கத்துவாள் கவியா.

கவியா என் தங்கை. இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதி, அவள் போன பிறகு மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. அதன்மேல் எங்கள் ஊர் இசக்கியம்மன் படமும் ஒரு சின்ன விளக்கும். வெள்ளிக்கிழமை தோறும் முறைவைத்து ஒருத்தி விளக்கேற்றுவாள். மாதவிலக்கு வந்தவள் விளக்கைத் தொடமாட்டாள்; தன் பாயைக் கதவோரம் தள்ளிப் போட்டுக்கொள்வாள். பாய் நகர்ந்தால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊரிலிருந்து அம்மா போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, “இந்த மாசம் ரெண்டு பேரும் ஒதுங்கியாச்சா?” என்றும் கேட்பாள். வயதுப் பெண்ணை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிய தாய்மார்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் தூக்கம்.

இருங்காட்டுக்கோட்டையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டிய அருள்பாண்டிக்கும் கவியாவுக்கும் பழக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அவன் தங்கை கல்யாணம் முடிந்ததும் பேசி முடிப்பதாக இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அறையில் இருவரும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மறுநாளே அவன், சேர்ந்த பிறகு உடனே போடும் அவசரக் கருத்தடை மாத்திரை தேடி அலைந்திருக்கிறான். போன மருந்துக் கடைகளில் எல்லாம் “அதெல்லாம் வைக்கிறதில்ல தம்பி” என்றிருக்கிறார்கள். கடைசியில் பெங்களூர் போய்வரும் லாரி டிரைவர் ஒருவரிடம் சொல்லி வாங்கிவந்தான். அதற்குள் சில நாட்கள் கடந்துவிட்டன. யார் கண்ணிலும் படக்கூடாது என்று பெட்டியைக் கசக்கி எறிந்துவிட்டு மாத்திரையை மட்டும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். எப்படிப் போடவேண்டும், போட்ட பிறகு எதைக் கவனிக்கவேண்டும் என்று அச்சடித்த தாளும் பெட்டியோடு போய்விட்டது.

கவியா அதைப் போட்டு ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அது வெள்ளிக்கிழமை, கவியாவின் விளக்கு முறை.

“நான் இன்னைக்கு வெளக்கத் தொட முடியாது. எவளாவது ஏத்துங்கட்டி” என்று சொல்லிவிட்டுப் பாயைக் கதவோரம் இழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வழக்கமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கியதை நாங்கள் கேலி செய்தோம். கொஞ்சமாய்ப் பட்டு இரண்டு நாளில் நின்றுபோன ரத்தம் அது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு அவள் தன் உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்தாள். ஒருநாள் கேன்டீன் வரிசையில், எங்கள் அறையிலேயே இருந்த சத்யப்பிரியாவின் காதோரம் குனிந்தாள். மாத்திரை விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஏட்டி, எனக்கு ஒரு மாதிரி படுதுட்டி. காவி கலர்ல. வாடையும் அடிக்கி.”

“சூடுட்டி. நாள்பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தா வெள்ளை படத்தான் செய்யும். நம்ம லைன்ல எவளுக்கு இல்ல? வெந்தயத்த ஊறப்போட்டு முழுங்கு.”

“வேற ஒண்ணும் இருக்காதுல்லா?”

“வேற என்ன? நீதான் ஒதுங்கிட்டியே!”

“எதுக்கும் கர்ப்பம் பாக்குற கிட் ஒண்ணு வாங்கிப் பாப்பமா?”

“கழுத்துல இந்தக் கம்பெனி டேக்க மாட்டிக்கிட்டுப் போயா? படப்பை பூரா பேசும்.”

“டேக்கக் கழட்டிட்டுப் போவோம்.”

“மூஞ்சிய எங்கட்டி கழட்டி வைக்க?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு கவியா சொன்னாளாம்: “அக்காட்ட சொல்லிராத. அவ அம்மாட்ட சொல்லிருவா.”

அந்த வெள்ளிக்கிழமையை வைத்து, அடுத்த மாதவிலக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதே அவள் கணக்கு. அப்போதுதான் வலி தொடங்கியது. வலது அடிவயிற்றில் குத்திக் குத்தி வலித்தது. மத்தியான ஷிப்டில் லைனில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். சத்யப்பிரியா அவளைத் தாங்கிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனாள். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

“இன்னாமா, காலைல சாப்டியா?” என்றார் நர்ஸ். “கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?”

கவியா சூப்பர்வைசரைப் பார்த்தாள். “போன மாசம்… ஒரு வெள்ளிக்கிழமை.”

“ஆமா சிஸ்டர்” என்றாள் சத்யப்பிரியா அவசரமாக. “அன்னைக்கு அவ விளக்கு ஏத்தல. கதவுகிட்டதான் படுத்தா. நான் பாத்தேன்.”

தோழியின் பெயரைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் சொன்னாள். பொய்யும் சொல்லவில்லை.

“கல்யாணம் ஆவலல்ல?”

“இல்ல சிஸ்டர்.”

அதோடு மற்றக் கேள்விகள் நின்றன. “தோள்பட்டையும் வலிக்கி சிஸ்டர்” என்று கவியா சொன்னதற்கு, “கையத் தூக்கினே வேலை செய்றல்ல, அதான்” என்று பதில் வந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளிலும் வலி தெரியும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேஸ் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். சற்று நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போனவள் அங்கேயே மயங்கி விழுந்தாள். அடுத்த லைனில் இருந்த என்னை அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

கம்பெனி காரில் அவள் தலை என் மடியில் இருந்தது. முகம் வெளுத்துக் கை சில்லிட்டிருந்தது. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தபோது கண்ணைத் திறந்தாள்.

“அக்கா, அம்மாட்ட வயித்துவலின்னு சொல்லு.”

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த டாக்டரம்மா என்னையும் கூட வந்திருந்த சத்யப்பிரியாவையும் உட்காரச் சொன்னார். எங்களுக்கு உட்காரத் தெரியவில்லை. கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் குழாயில் வளர்ந்து வெடித்திருக்கிறது, வயிறு முழுக்க ரத்தம், காப்பாற்ற முடியவில்லை என்றார். அப்போதுதான் சத்யப்பிரியா வாய்விட்டு அலறினாள். மாத்திரை விஷயம் என் காதில் விழுந்ததும் அப்போதுதான்.

“மாத்திரை போட்டாளே டாக்டர்! ஒரு வாரத்துல ரத்தமும் வந்துச்சே!”

“அந்த மாத்திரை போட்டா இடையில கொஞ்சம் ரத்தம் படும்மா. அது மாதவிலக்கு இல்ல. அத வச்சு கர்ப்பம் இல்லைன்னு சொல்லவே முடியாது. மாத்திரை போட்டும் சிலருக்குக் கரு தங்கிடும், அதுவும் தாமதமா போட்டா. மூணு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். மாத்திரை இவளக் கொல்லல. யாருகிட்டயும் கேக்க முடியாமப் போச்சே, அதுதான்.”

மறுநாள் அம்மா வந்து சேர்ந்தாள். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் ஐந்து பேரும் நின்றிருந்தோம். தள்ளி, சுற்றுச்சுவரை ஒட்டி அருள்பாண்டி குந்தியிருந்தான். என்ன சொல்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

“வயித்துவலி அத்தை” என்றாள் சத்யப்பிரியா.

“வயித்துவலில எவளாவது சாவாளா?” அம்மா அவளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “நீ சொல்லுட்டி.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை எடுத்துவிட்டுப் பேசினாள்.

“எங்கிட்ட சொல்லிருந்தா ரெண்டு அடி அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு ஆசுபத்திரிக்கும் நாந்தானட்டி கூட்டிட்டுப் போயிருப்பேன். இது தெரியாமப் போச்சே எம்புள்ளைக்கி.” பிறகு, “எப்படித் தெரியும்? மாசாமாசம் ஒதுங்கிட்டியான்னுதான கேட்டேன். ஒடம்பு எப்படி இருக்குன்னு ஒருநாளாவது கேட்டனா?” என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, எங்கள் அறையில் சின்னவளான தென்றல் ஒருநாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி என் அருகே வந்து உட்கார்ந்தாள். வெள்ளை படுகிறது, அரிப்பு தாங்கவில்லை, வாடை அடிக்கிறது, பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காரக் கூசுகிறது என்றாள். சத்யப்பிரியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சூடு என்ற சொல் இந்த முறை அவள் வாயிலிருந்து வரவில்லை.

“எந்திரிட்டி. குன்றத்தூர்ல லேடி டாக்டர் இருக்காங்க.”

“இப்பவேயா? டேக்க…”

“கெடக்கட்டும். மாட்டிக்கிட்டே வா.”

ஐந்து பேரும் கம்பெனிச் சட்டையோடும் டேக்கோடும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். வாசலில் நின்ற தாயாரம்மாள், “இன்னாமா, யாருக்கு உடம்பு?” என்றார். “எனக்குத்தான் ஆன்ட்டி, வெள்ளைப்படுது” என்று தென்றலே சொன்னாள். அவர், “போய்ட்டு வா. பயப்படாத” என்றார். டாக்டர் பரிசோதித்து, இது தொற்று, மாத்திரையில் போய்விடும் என்றார். போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். ஒரு சாயங்காலத்து வேலை.

இப்போது எங்கள் அறையில் யார் முதலில் வேலைவிட்டு வருகிறார்களோ அவர்கள் விளக்கேற்றுகிறார்கள். பாய்கள் நகர்வதில்லை. அம்மன் படத்துக்குப் பக்கத்தில் கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்று வெளிப்படையாக இருக்கிறது. அம்மா போன் செய்தால், “ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? இருந்தா ஒளிக்காத சொல்லு” என்கிறாள். அந்தக் கேள்வி கவியாவுக்குக் கிடைக்கவில்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும், பெண்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பெண் விளக்கை விட்டு விலகி உட்கார்ந்தாள் என்பது எதற்கும் சான்று ஆகாது. அவளைச் சந்தேகிக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள். அவள் பயப்படாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். என் தங்கை வலியை மறைக்கவில்லை. எங்களுக்குப் பயந்து காரணத்தைத்தான் மறைத்தாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள் நாம்.