ஆபேல் அறுத்துப் பார்த்த ஃபில்டர்கள்

தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆபேலுக்கு அந்த ஜூன் மாதம் முழுவதும் நேசமணி சாரால் தலைவலி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடம் ஓடிய தன் சின்ன காரை மூன்று நாளைக்கு ஒருமுறை கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினில் கடகடவென்று சத்தம் என்பது புகார். ஆபேல் ஸ்டார்ட் செய்தால் சத்தமே வராது.

"இப்ப கேக்காது ஓய். ராத்திரி முழுக்க கெடந்த பொறவு, காலத்த எடுக்கும்போதாக்கும் சத்தம்" என்று போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டுவார். மொத்தம் பதினான்கு பதிவுகள். எல்லாவற்றிலும் அவர் வீட்டுச் சேவல் கூவுவதுதான் தெளிவாகக் கேட்டது.

ஆபேல் பெல்ட்டைப் பார்த்தான். ஆயில் அளவைப் பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் ரப்பரைக்கூட மாற்றினான். சார் விடவில்லை.

"கடைசி சர்வீஸுல நீரு போட்ட ஆயில் ஃபில்டராக்கும் காரணம். அதுக்கு முந்தி ஒண்ணும் இல்ல."

இதுதான் ஆபேலுக்குப் பொறுக்கவில்லை. சார் எப்போதும் ஃபில்டரை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வருவார். போன தடவை, "நெட்டுல வாருததெல்லாம் டூப்ளிகேட்டு சார்" என்று சொல்லி, தன் அலமாரியில் இருந்த ஒன்றைப் பிடிவாதமாக மாட்டியது அவன்தான். மார்த்தாண்டத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அவனுடைய மைத்துனன் ஞானதாசன் கொடுத்த சரக்கு அது. பெரிய கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி.

"சரி, வண்டிய இன்னைக்கு இங்க விட்டுட்டுப் போங்க. காலத்த ரெண்டு பேரும் சேந்து கேப்போம்" என்றான்.

மறுநாள் ஏழு மணிக்குக் குடையுடன் சார் வந்து நின்றார். ஆபேல் சாவியைத் திருப்பினான். மூன்று விநாடி, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோலச் சத்தம். பிறகு எஞ்சின் அமைதியானது. சார் குடையை மடக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். 

எஞ்சினை அணைத்தான். எஞ்சின் ஓடியதும் ஃபில்டரில் மறுபடி ஆயில் நிரம்பிவிட்டது; அதனால்தான் சத்தம் நின்றது. சத்தத்துக்குக் காரணம் என்ன என்று அவனுக்கு இப்போது ஓரளவு புரிந்துவிட்டது. ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் அதுதான் பிடித்து வைக்கும். அது பிடிக்காவிட்டால் காலையில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஆயில் இல்லாமல் சுற்றும்.

"ஆயிரத்துல ஒண்ணு கெட்டு வாரதுதான் சார்" என்றான்.

"அப்ப அறுத்துப் பாப்போம்" என்றார் சார். காரிலிருந்து, அன்று அவன் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆன்லைன் ஃபில்டரைப் பெட்டியோடு எடுத்து வந்தார். "இதையும் அறும். ஒம்ம அலமாரில இருக்க புதுசு ஒண்ணையும் அறும்."

வாயை அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் ஆபேல் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தான். காரில் மாட்டியிருந்ததைக் கழற்றி, மூன்றையும் அறுத்து, உள்ளே இருந்ததை உருவிச் செய்தித்தாளில் பரப்பினான். சார் அடிஸ்கேலோடு குனிந்து காகித மடிப்புகளை எண்ண ஆரம்பித்தார்.

"இதுல அம்பத்தாறு. ஒம்ம ஃபில்டருல முப்பத்தெட்டு."

எண்ணிக்கையை ஆபேல் காதில் வாங்கவில்லை. சாருடைய ஃபில்டரில் மடிப்புகள் ஒரே சீராக இருந்தன. ஓரத்தில் பசை முழுதாகப் பிடித்திருந்தது. ரப்பர் விரலுக்கு வளைந்து கொடுத்தது. அவன் மாட்டியதில் காகிதம் பசையை விட்டு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து கிடந்தது. அழுக்கு ஆயில் அந்த வழியாகவே போய்வந்திருக்கும். ரப்பர் வெயிலில் கிடந்த செருப்புபோல விறைத்திருந்தது. அலமாரியில் இருந்த புதியதும் அச்சு அசல் அப்படியே. பெட்டியில்தான் பெரிய பெயர்.

அறுத்த துண்டுகளையும் அலமாரியில் மீதி இருந்த ஃபில்டர்களையும் அள்ளிக்கொண்டு நேராக மார்த்தாண்டம் போனான்.

ஞானதாசன் துண்டுகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வேற வேலை இல்லியா மாப்பிள? ஃபில்டர அறுத்துப் பாக்குததாக்கும் இப்ப தொழிலு? யாருக்க வண்டியாவது நின்னு போச்சா?"

"நின்ன பொறவு பாக்கவா மச்சான்?"

"நின்னா, ஓட்டுனவன் சரியில்லன்னு சொல்லும். எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

ஆபேல் அத்தனையையும் அவன் மேசையில் கொட்டிவிட்டு வந்தான். வழியெல்லாம் வண்டிகள் நினைவுக்கு வந்தபடி இருந்தன. ஈஸ்டருக்குப் பிறகு முப்பத்தேழு வண்டிகளில் இந்த ஃபில்டரை மாட்டியிருக்கிறான்.

ஆபேலின் மனைவி குளோரி நடந்ததைக் கேட்டுவிட்டு, "எங்க அண்ணனுக்க பேர வெளிய சொல்லாண்டாம். ஆனா எல்லா வண்டியையும் கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட்டான். அதுவே பெரும்பாடாகிவிட்டது. நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும் என்றார் ஒருவர். சும்மா மாத்தித் தாரேன்னா இதுல என்னமோ இருக்கு என்றார் இன்னொருவர். ஒருவர், வருவதுதான் வருகிறேன், வண்டியைக் கழுவியும் கொடு என்றார். நாகர்கோவிலில் கம்பெனி டீலரிடம் வாங்கிய புது ஃபில்டர்களில் முதலில் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக மாட்டினான்.

டாக்சி ஓட்டும் சுயம்புராஜ் மட்டும் போனையே எடுக்கவில்லை. ஆபேல் ஃபில்டரும் ஆயில் கேனுமாகப் பத்மநாபபுரம் அரண்மனை வாசலுக்கே போனான். சுயம்புராஜ் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பார்ட்டி உள்ள போயிருக்கு. இப்ப எப்பிடி?" என்றான்.

"அரமணிக்கூர் போதும். எறங்கு."

மழை ஈரத்தில் அட்டையை விரித்து ஆபேல் வண்டிக்கு அடியில் படுத்தான். எஞ்சின் சூடு ஆறவில்லை. ஃபில்டரைக் கழற்றும்போது ஆயில் வழிந்து மணிக்கட்டைச் சுட்டது. அரண்மனை பார்த்துவிட்டு வந்த குடும்பம் கையில் ஐஸ்கிரீமோடு நின்று அவன் கால்களைப் பார்த்தது.

"வண்டிக்கு என்ன கேடு?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்று அடியிலிருந்தே சொன்னான் ஆபேல். "கேடு வராம இருக்கதுக்காக்கும்."

கடைசியில் முப்பத்தாறு வண்டிகளில் மாற்றியாயிற்று. ஒன்று எர்ணாகுளத்துக்கு விற்றுப் போயிருந்தது. சாருடைய காரில் சத்தம் நின்றது. நிம்மதி என்று நினைத்திருந்தபோது, ஆபேல் போட்டது போலி என்று சார் சர்ச்சில் பேசியதாகக் குளோரி சொன்னாள். ஆபேல் அவர் வீட்டுக்கே போய்விட்டான்.

"உள்ளதத்தானே சொன்னேன்" என்றார் சார் அசராமல். "நீரு எல்லாரையும் கூப்பிட்டு மாத்திக் குடுத்ததையும் சொன்னேன். அதச் சொல்லலியா ஒம்ம வீட்டுல?"

அடுத்த வாரம், சார் சர்ச்சில் பேசியதைக் கேட்ட ஒருவர் புதிதாக சர்வீஸுக்கு வந்தார். மாட்டுவதற்கு முன்னால் ஃபில்டரை அறுத்துக் காட்ட வேண்டும் என்றார்.

"அறுத்தா அத மாட்ட முடியாதுங்க" என்றான் ஆபேல்.

"அதுக்கென்ன, வேற ஒண்ணு மாட்டும். அதையும் நான் பாக்கணும்."

ஆபேல் கையைத் துடைத்துக்கொண்டு ஆக்ஸா பிளேடை எடுத்து வைத்தான். பிறகு பானெட்டைத் திறந்தான்.