மூன்று ஓம்

நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று குளங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் அவற்றுக்கு நீண்ட பெயர்கள் உண்டு. ஊரில் மேற்குளம், இடைக்குளம், கீழ்க்குளம் என்பதோடு சரி. குளம் நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போகக் கரையின் ஒரு முனையில் தாழ்வாகச் சீமெந்தில் கட்டிய வழியை வான் என்பார்கள். மேற்குளத்து வான் பாய்ந்தால் அந்த நீர் ஓடையாய் இறங்கி இடைக்குளத்துக்குப் போகும். இடைக்குளத்து வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்குப் போகும். ஆகவே மேலே இருப்பவன் செய்வதெல்லாம் கீழே இருப்பவன் தலையில்தான் விடியும்.

இந்த மூன்று ஊர்க் கமக்காரர் அமைப்புகளும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு மாரியில் மேற்குளத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வானை இடித்து நீரை விட்டதில், கீழ்க்குளத்தில் ஒரு மாட்டுப்பட்டி அப்படியே அள்ளுண்டு போனது. மாடுகள் பட்டிக் கம்பியோடு காட்டு மரங்களில் தொங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கலியாண வீட்டுக்குக் கூடப் போக்குவரத்து நின்றுபோனது.

அப்போதுதான் ஒரு நிறுவனம் வந்தது. மீண்டெழும் திறன், நிலைபேறு, வலையமைப்பு என்று வாய் நிறையச் சொற்களோடு வந்தார்கள். மூன்று ஊராரையும் வட்டமாகக் கதிரைகளில் இருத்தி, ஒரு நூற்பந்தைக் கொடுத்து, ஆளுக்காள் எறிந்து பிடிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒரு வலை விழுந்தது. இதில் யார் கைவிட்டாலும் வலை தொய்யும் என்று பயிற்சியாளர் சொல்லி முடிப்பதற்குள், கீழ்க்குளத்துத் தலைவர் பரமலிங்கம் மூக்கைச் சொறிவதற்காகத் தன் நூலை விட்டுவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேர்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குறை சொல்லக் கூடாது, முக்குளக் கூட்டமைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஓர் ஊரின் உழவு இயந்திரம் பழுதானால் மற்ற ஊரிலிருந்து வந்தது. பூச்சி விழுந்து விதைநெல் போன ஆண்டில் இடைக்குளத்து அருந்ததி அக்கா வீடு வீடாகச் சேர்த்து அனுப்பினார். எல்லாவற்றிலும் பெரிய சாதனை மேற்குளத்து வானில் அடுக்கிய மண்மூட்டைகள். சிறுபோகம் என்கிற கோடை வேளாண்மைக்குத் தண்ணீர் காணாது என்பது மூன்று ஊருக்கும் பொது வயிற்றெரிச்சல். வானின் மேல் மூட்டை அடுக்கினால் குளம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அதைக் கோடையில் மூன்று ஊரும் பங்கிடலாம். ஊர்கூடிச் சிரமதானம் வைத்து, சிவந்த கிரவல் மண் நிரப்பி, கரையில் பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்துவிட்டு அடுக்கினார்கள்.

பரமலிங்கம் ஒரு நிபந்தனை வைத்தார். மாடுகள் போனது அவருடைய பட்டியில்தான். மாரியில் அந்த மூட்டைகளை எடுப்பதானால் மூன்று ஊரும் ஓம் என்று சம்மதம் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டால் செல்லாது. கேட்கிற வேலை கூட்டமைப்பின் செயலாளர் தயாளினியுடையது. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயம்தான்.

தயாளினி மூன்று ஊரில் எந்த ஊரைச் சேர்ந்தவளும் அல்ல. மேற்குளக் கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில், கரையடி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, அவள் அங்கே வளர்ந்தவள். மலையகத்துக் கலவரங்களில் அடிபட்டு வந்த சனத்துக்கு அன்று மிஞ்சிக் கிடந்த நிலம் அதுதான். அவர்களுக்கு வீடு உண்டு, வயற்காணி இல்லை. வயற்காணி இல்லாதவன் கமக்காரன் இல்லை, கமக்காரன் இல்லாதவனுக்குக் கூட்டமைப்பில் குரல் இல்லை. செயலாளர் பெண்ணாக இருக்க வேண்டும், கணினி தெரிய வேண்டும் என்று நிறுவனம் சொன்னதால் தயாளினி உள்ளே வந்தாள். மற்றபடி கரையடிச் சனம் கூட்டமைப்புக்குள் வந்தது மூட்டைக்கு மண் அள்ளிய நாளில் மட்டும்தான்.

இந்தக் கார்த்திகையில் மழை தொடங்கி மூன்றாம் நாள், பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால், இப்போது நெடுங்கேணியில் குடியிருக்கும் தயாளினி, தன் தாய் சுப்பம்மாவைப் பார்க்கக் கரையடிக்குப் போனாள். மழை விட்டிருந்தது. ஆனால் வானம் கறுத்து இறங்கி, பாலை மரத்து உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. கரையடி நாய்களெல்லாம் பள்ளத்தை விட்டுப் பெருந்தெருவுக்கு ஏறிப் படுத்துக் கிடந்தன.

சுப்பம்மா ஆட்டுக்கொட்டிலில் குந்தியிருந்தார்.

“அம்மா, வெளிக்கிடுங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்.” தாயோடு பேசும்போது மட்டும் தயாளினியின் நாக்கு பழைய மலையகத் தமிழுக்குத் திரும்பிவிடும்.

“ரெண்டு ஆடு இன்னைக்கு நாளைக்குன்னு நிக்குது புள்ள. விட்டுட்டு எங்க வர்றது? எத்தன மழையப் பாத்தாச்சு.”

“இது வேற மழ அம்மா.”

“எல்லா வருசமும் இதத்தான் சொல்ற.”

தயாளினி கொட்டிலுக்குப் பின்னால் போனாள். கரையின் அடிவாரத்தில் எப்போதும் ஒரு கசிவு உண்டு. தெளிந்த நீராக ஊறும், கரையடிப் பெண்கள் அதில் பாத்திரம் கழுவுவார்கள். இன்று அது விரல் தடிப்பில் கொப்பளித்து வந்தது, தேநீர் நிறத்தில் வந்தது. கரைக்குள் இருந்து மண் கரைந்து வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மேலே நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வீட்டுக் கூரைகளுக்கும் மேலே அந்தக் கரை நின்றது. அதற்குப் பின்னால் ஒரு குளம் முழுவதும் நின்றது.

கரையில் ஏறியபோது மேற்குளத்துக் காவலாள் சதீஸும், மேற்குளத்தாருக்கும் கூட்டமைப்புக்கும் தலைவரான கதிர்காமநாதனும் வானடியில் நின்றார்கள். நீர் மூட்டைகளின் மேல் வரிசையை நக்கிக்கொண்டு நின்றது. காற்று அடிக்கும்போதெல்லாம் ஓர் அலை மேலால் தாண்டி விழுந்தது. கதிர்காமநாதன் நல்ல மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர், அந்தப் பெயருக்காக உயிரையும் விடுவார்.

“ஐயா, கசிவு கலங்கி வருது. இப்பவே மூட்டையை எடுக்கவேணும்.”

“எனக்கும் அதுதான் யோசனை தங்கச்சி. என்ரை ஓம் இருக்கு. மற்ற ரெண்டு ஊரையும் கேளுங்கோ.”

இடைக்குளத்து அருந்ததி முதல் மணியிலேயே எடுத்தார். “எடுங்கோ பிள்ளை. நாங்கள் தாழ்வில இருக்கிற ஆக்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திப்போட்டம். எங்கடை ஓம்.”

கீழ்க்குளத்துக்கு எடுத்தாள். தொடர்பு இல்லை. பரமலிங்கத்தின் மகனுக்கு எடுத்தாள். இல்லை. அந்தப் பக்கத்துக் கிராம சேவையாளருக்கு, கோவில் ஐயருக்கு, கடைக்கு எடுத்தாள். மின்சாரம் போய்த் தொலைபேசிக் கோபுரம் செத்துவிட்டது போலும், அந்தத் திசையில் ஒரு போன்கூட உயிரோடு இல்லை.

கதிர்காமநாதன் குடையை மடக்கி விரித்துக்கொண்டு நின்றார். “கொஞ்சம் பாப்பம். கேக்காமல் எடுத்தால் பரமலிங்கத்தின்ரை முகத்தில முழிக்கேலாது. பிறகு கூட்டமைப்பு எண்டு ஒண்டு இல்லை.”

“அதுவரைக்கும் கரை நிக்குமே ஐயா?”

அவர் குடையை மறுபடி மடக்கினார். கரையடியைப் பார்க்கவில்லை.

சதீஸ் மோட்டார் சைக்கிளை எட்டிப் பார்த்தான். “அக்கா, நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன். சப்பாத்துப் பாலம் இன்னும் மூடேல்ல. போனால் வந்திடலாம்.”

கீழ்க்குளத்துக்குப் போக ஓடைக்கு மேலான அந்தத் தாழ்ந்த பாலம் ஒன்றுதான் வழி. தயாளினி கணக்குப் போட்டாள். இவன் போக வேண்டும், பரமலிங்கம் ஆட்களைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும், அவர் மாடுகளின் கதையை முதலில் இருந்து தொடங்குவார். கடைசியில் மாட்டேன் என்றும் சொல்லலாம். அவர்களுக்குப் போனால் வயல் போகும், பயிர் போகும். இங்கே கொட்டிலுக்குள் குந்தியிருக்கிறது அவளைப் பெற்றவள். கரையடிக்கு ஒரு ஓம் கேட்க இந்த மூன்று ஊரில் யாருக்காவது தோன்றியதா என்ற கோபமும் அந்த நேரம் பார்த்து எழுந்தது. அது நியாயமான கோபம். அதுதான் அவளை மோசம் செய்தது.

அவள் கொஞ்சம் தள்ளிப் போய், போனைக் காதில் வைத்து, இரண்டொரு தரம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“கிடைச்சது. பரமலிங்கண்ணை ஓமாம்.”

“வடிவாக் கேட்டனீங்களே?”

“கேட்டனான் ஐயா. ஓமாம்.”

சதீஸ் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கினான்.

கரையடி இளைஞர்களும் ஏறி வந்தார்கள். தாங்கள் நிரப்பித் தைத்த மூட்டைகளைத் தாங்களே கத்தியால் கிழித்தார்கள். முதல் வரிசை விட்டதும் மற்றவற்றை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. நீரே அள்ளிக்கொண்டது. கிரவல் கரைந்து, செக்கச் செவேலென்று, கரை அதிர ஓடையில் பாய்ந்தது. பக்கத்தில் நின்றவர் பேசுவது கேட்கவில்லை. ஓடையோரத்து நாணல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து மறைந்தது.

குளம் மெல்ல இறங்கத் தொடங்கியது. தயாளினி பள்ளத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். கசிவின் கொப்பளிப்பு அடங்கியிருந்தது. கலங்கல் குறைந்து, பிறகும் குறைந்து, பழையபடி ஊறியது. சுப்பம்மா கொட்டிலுக்குள் இருந்து, “ஒன்னு போட்டுருச்சு புள்ள, கெடாக்குட்டி” என்றார். தயாளினி தாயின் ஈரத் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

திரும்பக் கரைக்கு ஏறியபோது கதிர்காமநாதனின் முகம் மலர்ந்திருந்தது. “பாத்தீங்களே தங்கச்சி. மூண்டு ஊரும் ஓம் எண்டால் ஒரு சேதமும் இல்லை. அந்த நிறுவனக்காரர் வந்து பாக்கவேணும்.”

சதீஸ் கை கால் கழுவிக்கொண்டே சொன்னான்: “நல்லவேளை அக்கா, பரமலிங்கண்ணை கிடைச்சது. காலமை அவரின்ரை பெடியனை நெடுங்கேணிச் சந்தையில கண்டனான். வலை வாங்க வந்தவன். தங்கடை வான் பாயத் தொடங்கீற்றுது, பின்னேரம் ஊரோட மீன் பிடிக்க இறங்கிறம் எண்டு சொன்னவன். நீங்கள் சொன்னபடியால் இறங்கியிருக்க மாட்டினம், என்ன?”

வான் பாய்ந்தால் அதன் கீழே வலையோடு இறங்காத ஊர் வன்னியில் இல்லை. கரையடியிலும் இறங்குவார்கள். தயாளினியும் சின்ன வயதில் இறங்கியிருக்கிறாள், முழங்கால் நீரில், மடியில் மீனைப் பிடித்துக்கொண்டு. அது அவளுக்குத் தெரியாத விசயம் அல்ல. அனுமதி கேட்கிற அழைப்புத்தான் எச்சரிக்கிற அழைப்பும் என்பதும் தெரியாததல்ல. வயல் என்று மட்டும்தான் அவள் நினைத்தாள். ஆட்களை நினைக்கவில்லை.

“மோட்டார் சைக்கிளைத் தா,” என்றாள்.

“எங்கை அக்கா?”

அவள் சதீஸின் கையிலிருந்து வண்டித் திறப்பைப் பறித்துக்கொண்டு போனாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. கிரவல் வீதியில் இரண்டு தரம் சறுக்கினாள். காட்டுக்குள்ளால் போன வழி முழுவதும் ஓடை பக்கத்திலேயே, அவளைவிட வேகமாக ஓடிக்கொண்டு வந்தது.

சப்பாத்துப் பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. அங்கே சிவந்த நீர் ஆளுயரத்துக்குப் புரண்டு போனது. ஒரு முழு மரம் வேரோடு வந்து, ஒரு கணம் நின்று, பிறகு கீழ்க்குளத்துப் பக்கம் போனது. அவள் திறந்துவிட்ட நீர்தான். கால் வைத்துப் பார்த்தாள், இழுத்தது. கரைக்குத் தாவி ஏறி, அடுத்த கரையில் யாராவது நிற்பார்கள் என்று குரல் கிழியக் கத்தினாள். அந்தப் பக்கம் ஒரு சனம் இல்லை. எல்லோரும் எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

போனை எடுத்து அழுத்தினாள். இல்லை. அழுத்தினாள். இல்லை. மழை மறுபடி தொடங்கியது. மறுபடியும் அழுத்தப் போகையில், போன் தானாக அடித்தது. பரமலிங்கம்.

“தயாளினியோ? இப்பதான் பிள்ளை கரண்ட் வந்து போனுக்கு உயிர் வந்தது. இத்தனை தரம் எடுத்திருக்கிறியள், என்ன விசயம்?” அவருக்குப் பின்னால் பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். “நாங்கள் வானடியில நிக்கிறம். விரால் சும்மா துள்ளுது. சின்னனுகள் எல்லாம் இறங்கீற்றுதுகள்.”

“அண்ணை, ஏறச் சொல்லுங்கோ. எல்லாரையும் இப்பவே கரைக்கு ஏறச் சொல்லுங்கோ.”

“என்ன? ஒண்டும் விளங்கேல்ல. இஞ்ச தண்ணிச் சத்தம் கூடிக்கொண்டு வருது.”

“மேற்குளத்து வானைத் திறந்தாச்சு அண்ணை. தண்ணி வருது. ஏத்துங்கோ.”

பரமலிங்கம் சிரித்தார். நூலைக் கைவிட்டுவிட்டு அன்று சிரித்த அதே சிரிப்பு.

“பகிடி விடாதையுங்கோ பிள்ளை. என்னைக் கேக்காமல் திறக்க மாட்டியள் எண்டு எனக்குத் தெரியாதே? அதுக்குத்தானே கூட்டமைப்பு.”

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், தண்ணி ஏன் இப்பிடிச் சிவக்குது என்று கேட்பது தயாளினிக்குத் தெளிவாகக் கேட்டது.