இலையில் ஒட்டிய வெள்ளை

என் இரண்டு கண்கள் மேல் ஆணை. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

திருத்தங்கலில் எங்கள் வீட்டு ரோஜாச் செடிகள் வளராமல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டன. மொட்டுகள் விரியவில்லை. இலையெல்லாம் வெள்ளை. வேறு ஊர்க்காரன் என்றால் சாம்பல் நோய் என்று பூச்சிமருந்துக் கடைக்குப் போயிருப்பான். எங்கள் பக்கத்தில் வெள்ளைப் பொடியைக் கண்டால் எந்தப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்போம்.

சாம்பல் நோய் என்றால் தேய்த்ததும் விரலில் ஒட்டும். தேய்த்தேன், ஒட்டவில்லை. ஆக, யாரோ பசை போட்டு அப்பியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தங்கச்சாமிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவன் செடிகளிலும் அதே வெள்ளை. தன்மேல் சந்தேகம் வரக் கூடாதென்று தன் செடிக்கும் பூசியிருக்கிறான்! எம்புட்டுப் பெரிய மூளை.

உறுதி செய்துகொள்ள ஓர் இலையில் தீக்குச்சியை வைத்தேன். சீறிக் கிளம்பியது, ஆனைக்குட்டம் அணையில் போய்த்தான் விழுந்தது.

“ஏலே தங்கச்சாமி, கம்பெனி மருந்தை எதுக்குலே என் செடியில தூவுன?”

“மருந்தா? ஒரு சிட்டிகை வெளிய வந்தாலும் என் வேலை போயிரும் அண்ணாச்சி. வெள்ளை எங்கன இருக்கு?”

குற்றம் செய்தவன் முதலில் இப்படித்தான் கேட்பான்.

என் மனைவி பஞ்சம்மாளைக் கூப்பிட்டேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பச்சையாத்தான இருக்கு. முருங்கை நிழல்ல, காத்துப் போக வழியில்லாம நெருக்கி நட்டுப்புட்டு, வளரலைன்னா? அவுக பொழப்புல மண்ணப் போடாதீக.”

இவளும் கூட்டு.

நாலு இலையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கம்பெனி வாசலுக்கே போனேன். போர்மேன் பாலகுரு வெளியே வந்தார்.

“இந்த வெள்ளையப் பாருங்க. ஒங்க மருந்து. தங்கச்சாமிய இன்னைக்கே நிறுத்துங்க.”

பாலகுரு இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தார். பிறகு இலையை விட்டுவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“வெயில்ல நிக்காதீக அண்ணாச்சி. ஆட்டோ சொல்லட்டுமா?”

தங்கச்சாமி மறுநாளும் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போனான். பாலகுருவும் கூட்டு என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.

அந்த மாதமே மதுரையில் என் இரண்டு கண்களுக்கும் புரை எடுத்தார்கள்.