வேலிக்கு உள்ளே பத்தொன்பது மரங்கள்

கேட் பூட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் முவஃபக் பூட்டைப் பிடித்து இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தார். ஏணி, தார்ப்பாய், வாளிகள், சாக்கு, ரொட்டி மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு பிக்கப்காரன் அப்போதுதான் திரும்பிப் போயிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம், யூதக் குடியேற்றத்தின் சிவப்பு ஓட்டு வீடுகளுக்குக் கீழே, எங்கள் பத்தொன்பது ஆலிவ் மரங்களும் கிளை தாழக் காய்த்து நின்றன.

"இன்னும் தொறக்கல போல. வருவானுங்க" என்றார். அவர் கைக்கடிகாரத்தில் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

நான் போனை எடுத்தேன். வேலிப் பக்கம் வந்தாலே எங்கள் போன்கள் குடியேற்றத்து சிக்னல் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் எட்டுக்கு ஐந்து நிமிடம்.

குளிர்காலம் வருகிறதென்றால் இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். எங்கள் அரசாங்கம் முந்தாநாள் வெள்ளிக்கிழமையே தள்ளிவிட்டது. குடியேற்றத்துக்காரர்களின் அரசாங்கம் தள்ளப்போவது அடுத்த வாரம். கையகல மண்ணில் இரண்டு நேரம், என்ன கொடுமை! கேட் அவர்களுடையது, கேட்டின் ஏழு மணியும் அவர்களுடையது. ஏழுக்குத் திறந்து ஏழரைக்குப் பூட்டுவார்கள், பிறகு சாயங்காலம் உள்ளே இருப்பவர்களை வெளியே விடத்தான் திறப்பார்கள். இது முவஃபக்குக்குத் தெரியாதா? பதினொரு வருடமாக அதே குடியேற்றத்தில் டைல்ஸ் ஒட்டப் போகிறவர். அவர் கடிகாரம் எந்நாளும் அவர்கள் நேரத்தில்தான் ஓடும். நேற்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓடியது.

அவர் தங்கை ரிஹாப்தான் ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கொடியைத் தூக்கிக்கொண்டு இந்த வேலிக்கு முன்னால் வந்து நிற்கிறவள். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது, அப்போதும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"அண்ணே, ஊருக்கெல்லாம் மணி ஏழு, உன் கையில எட்டு. பசிக்கறதுக்கும் அவங்களக் கேட்டுப்பியா?"

"வாரா வாரம் போய் கத்துறியே, ஒரு மரமாவது இந்தப் பக்கம் நடந்து வந்துச்சா? என் வேலை பெர்மிட்டுலதாண்டி இந்த வீட்டு அடுப்பு எரியுது. வேலியாண்ட இந்த வீட்டு மூஞ்சி ஒண்ணு அவனுங்க போட்டோவுல விழுந்துச்சுன்னா, அதோட பெர்மிட்டு போச்சு."

"எரியட்டும், எரியட்டும். அப்பா வெச்ச மரத்துக்குப் பக்கத்துலயே அவன் கக்கூஸுக்கு டைல்ஸ் ஒட்டிட்டு வந்து எரிக்கிற அடுப்புதானே!"

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை ஒரு மணி பின்னால் திருப்பினார். "அடேயப்பா, உங்களுக்கும் ரோஷம் வந்துடுச்சே!" என்று நான் சிரித்தேன். காலையில் கேட்டுக்குப் போக வேண்டுமே என்று எனக்கும் உறைக்கவில்லை. இந்த வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

இந்த ஒரு நாளுக்குத்தான் ராணுவம் அனுமதி கொடுத்திருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் அனுமதியே வரவில்லை. போன வருடம் அறுவடை நாளன்று ஊரையே அடைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கை படாமல் கிடந்த நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று ஏதோ ஒரு பழைய காலத்துச் சட்டத்தை வைத்திருக்கிறார்கள். கையைப் பட விடாமல் செய்வதும் அவர்கள்தான், ஏன் படவில்லை என்று கேட்பதும் அவர்கள்தான். "இந்த வருஷம் எப்பாடு பட்டாவது உள்ள போயிடுங்க. பறிக்கற மாதிரி நாலு போட்டோ எடுத்துட்டு வாங்க. அது இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

நான் போனை நீட்டினேன். முவஃபக் அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என்னையும், கூட வந்திருந்த ரிஹாபையும் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜீப் வந்தது. இறங்கிய சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. முவஃபக் காகிதத்தைக் காட்டி ஹீப்ரூவில் கெஞ்சினார். இப்படி ஒரு குழைந்த குரல் அவருக்கு இருப்பது எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற இடத்தில் இந்தக் குரலில்தான் பேசுவாரோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது.

"ஏழரைக்குப் பூட்டியாச்சு. லேட்டா வந்தது நீங்க" என்று அரைகுறை அரபியில் சொன்னான் சிப்பாய்.

"நாளைக்கு?"

"காகிதத்துல நாளைக்குன்னு போட்டிருக்கா?"

ரிஹாப் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் நாக்குதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்று தேம்பினாள். முவஃபக் அவளைத் தாண்டிப் போனார். தார்ப்பாயை எடுத்து உதறி, மரத்தடியில் விரிப்பதுபோலவே நான்கு மூலையையும் இழுத்துவிட்டு, கேட்டுக்கு நேராகத் தார்ச்சாலையில் விரித்தார். அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்திரு. இங்க உக்காரக் கூடாது" என்றான் சிப்பாய்.

"கேட்டத் தொற. எழுந்துக்கறேன்."

சிப்பாய் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். ரிஹாப் ஓடிவந்து அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, எழுந்திருண்ணே! போட்டோ எடுக்கறான், பெர்மிட்டு போயிடும். அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

எனக்குச் சொல்லத்தான் வாய் வந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள், குளிர்காலம் வேறு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு வாயிலேயே செத்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பு" என்றான் சிப்பாய்.

முவஃபக் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினார். காதோரம் முழுக்க நரைத்துப்போயிருந்ததை வெயிலில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.