செங்கலும் மூடியும்

"நீச்சல் தெரிஞ்ச பொம்பள இந்தச் சீமையில எங்கய்யா இருக்கு?" என்று சௌடப்பன் முதலாளி சுகாதார அதிகாரியிடம் கேட்டபோது, நான் விளக்குமாறும் கையுமாக அவர் பக்கத்திலேயேதான் நின்றேன். கூட்டிப் பெருக்குறவ கண்ணுக்குத் தெரிவாளா!

பாளையம்பட்டி விலக்கில் முதலாளி நீச்சல் குளம் கட்டியது தொண்ணூற்றாறில். குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசை நிற்கிற ஊரில், லாரி லாரியாக லோடு இறக்கி நிரப்பியிருந்தார். காலையில் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கு என்று நோட்டீஸும் அடித்தாயிற்று. அதிகாரியோ சர்க்கார் விதியை விட்டு இம்மியும் நகரவில்லை. பெண்கள் குளிக்கும்போது காவலுக்குப் பெண்ணாள் வேண்டும்; அவள் பத்தடி ஆழத்தில் கிடக்கிற செங்கலை எடுத்து வந்து காட்டவேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் கிடையாது.

"நான் எடுக்கேன்யா," என்றேன்.

முதலாளி சிரித்தார். "ஏத்தா, இது கூட்டுற வேல இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. திருச்சுழிப் பக்கம் கிணற்றில் குடம் விழுந்து, பாதாளக்கரண்டிக்கும் சிக்காவிட்டால், "சோலையம்மாளைக் கூப்பிடு" என்றுதான் ஆள் வரும். இருட்டுக் கிணற்றில் தடவி எடுத்தவளுக்கு இந்தச் செங்கல் எம்மாத்திரம்? சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக் குதித்தேன்.

செங்கல் உடனே கிடைத்தது. ஆனால் சுற்றிலும் ஒருமுறை தடவாமல் மேலே வருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தடவிய கையில், தண்ணீரை மோட்டார் இழுக்கிற ஓட்டையின் இரும்பு மூடி அசைந்தது. ஒரு திருகாணிகூட இல்லை. சொன்னால் குளத்தின் திறப்பு நின்றுபோகும், முதலாளி என்னைத் துரத்திவிடுவார். சொல்லாவிட்டால் காவல் வேலை எனக்குத்தான். மூச்சு முட்டுகிற நேரத்திலும் மனசு இந்தக் கணக்கைப் போட்டது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இடது கையில் செங்கல், வலது கையில் மூடியோடு மேலே வந்தேன்.

"இது கழண்டு கெடக்குய்யா. பிள்ளைக கால் உள்ள போனா இழுத்துக்கிரும்."

"மூடிய எடுக்கச் சொல்லி ஒன்ன யாரு கேட்டா?" முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

மேலேயிருந்தே பார்த்து மூடிக்கு 'சரி' என்று தன் தாளில் போட்டிருந்ததை அதிகாரி அடித்துவிட்டார். "மூடிய முடுக்காமத் தொறக்கக் கூடாது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க பேரு என்னம்மா?" என்று கேட்டுக் காவலாள் என்ற இடத்தில் எழுதினார். "இவுக இல்லாமயும் தொறக்கக் கூடாது." எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, மோட்டாரைப் போடுமுன் இறங்கி மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அசையவே இல்லை. மேலே வந்தால் விளிம்பில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக முதலாளி தன் மகள் ஜீவிதாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"பாத்துக்கத்தா," என்றார்.

பன்னிரண்டு பிள்ளைகளும் கால்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'இறங்குங்க' என்று எப்போது சொல்வேன் என்று என் வாயையே பார்த்தார்கள்.