இரண்டாவது தட்டு

1

ஒளிக்க ஒன்றுமில்லை. பெரம்பலூரில் நடந்த மறையெழுத்துப் போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் போட்டு ஒரு வாக்கியத்தை மறைத்திருப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்து மணியடிக்க வேண்டும். அடித்த பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மண்டபத்தில் குண்டூசி விழுந்தால்கூட...' வேண்டாம். அந்த மின்விசிறி போட்ட சத்தத்தில் அம்மிக்கல் விழுந்தாலும் கேட்டிருக்காது.

2

ஆலத்தியூர் சண்முகப்பிரியாவும் லப்பைக்குடிகாடு மர்வாவும் ஒரே அணி. இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு. ஜெயித்தால் அடுத்த சுற்று திருச்சியில். தோற்றால் மர்வாவுக்கு இதுவே கடைசிப் போட்டி. பரீட்சை முடிந்ததும் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், ஷார்ஜாவுக்குப் போகிறாள்.

பிரியா அடிக்கடி வரும் எண்களை எண்ணுவாள், சின்னச் சொற்களை முதலில் உடைப்பாள். அரை நிமிடம் முட்டிக்கொண்டு நின்றால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவாள். மர்வா பென்சிலால் நிரப்புவாள். நிரப்பியதும் மேசையில் ஒரு தட்டு. சரிபார்த்ததும் இரண்டாவது தட்டு. அதன் பிறகுதான் மணி.

(பிரியாவை அவசரக்காரி என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். இரண்டு வருஷமாக இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தவள் அவள்.)

3

ஏழாம் நிமிடம் மர்வா ஒரு முறை தட்டினாள். அதே நேரம் பக்கத்து மேசையில் அரியலூர் அணியின் அறிவரசன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தான். மணியடிக்கத்தான் எழுகிறான் என்று பிரியா நினைத்தாள். முந்திக்கொண்டு அடித்துவிட்டாள்.

அவன் எழுந்தது தண்ணீர் பாட்டிலை எடுக்க.

தாளில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. மர்வாவின் ரப்பர் அவற்றின் மேலேயே இருந்தது. தோற்றதாக அறிவித்தவன் நான்தான்.

4

அவர்கள் திரும்பிய பஸ்ஸில் நான் இல்லை. இனி வருவதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது.

முடிவு அ: மர்வா சிரித்து, "பரவால்லடி" என்று... (பொய். அவள் முகத்தை நான் பார்த்தேன்.)

முடிவு ஆ: பஸ் குன்னத்தைத் தாண்டியது. பிரியா நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, வெறும் எண்களாக நாலு வரி எழுதி நீட்டினாள்.

"இதுக்கு எத்தனை நிமிஷம்?" என்றாள் மர்வா.

"நேரமெல்லாம் கெடையாதுடி. பொறுமையாப் பாரு."

மர்வா தாளை மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்தாள். லப்பைக்குடிகாட்டில் இறங்க எழுந்தபோது இருக்கைக் கம்பியில் ஒரு முறை தட்டினாள்.

இரண்டாவது தட்டு எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். மணி இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்களாவது கொஞ்சம் பொறுங்கள்.